நீலம் நின்றது, சிவப்பு நடந்தது

போன மாசியில் அண்ணன் மகள் ஊருக்கு வந்திருந்தாள். திருச்சியில் இயற்பியல் படிக்கிறாள், மூன்றாம் ஆண்டு. கல்லூரியில் அணுக்கழிவு பற்றி அவள் பேச வேண்டுமாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் கேட்டாள்: “சித்தப்பா, அணுக்கழிவை ஆழமா பாறைக்குள்ள புதைச்சா அது கசிஞ்சு வெளிய வருமா, வராதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

நான் 22 வருடமாக மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். அணு உலைப் பக்கம் போனதில்லை. ஆனால் மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் எதை இழுத்துக்கொண்டு போகும், எதை விட்டுவிட்டுப் போகும் என்று பார்ப்பதுதான் என் தினப்படி வேலை. அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல மனம் வரவில்லை. “காலையில காட்டுறேன்மா” என்றேன்.

காலையில் வாய்க்கால் தலைமாட்டு வயலிலிருந்து ஒரு சட்டி களிமண் வெட்டி வந்தோம். வெயிலில் காயவைத்து இடித்து, ஒரு பங்கு களிமண்ணுக்கு நாலு பங்கு கழுவிய ஆற்றுமணல் சேர்த்தோம். தனிக் களிமண்ணாக இருந்தால் தண்ணீர் இறங்கவே இறங்காது. இரண்டு பெரிய பிளாஸ்டிக் பாட்டில்களின் அடியை அறுத்து, வாயில் துணி கட்டி, தலைகீழாக நிறுத்தி மண்ணை நிரப்பினோம். பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தும் நண்பரிடமிருந்து இரண்டு சாயம் வாங்கி வைத்திருந்தேன். ஒன்று மெத்திலீன் நீலம், இன்னொன்று இயோசின், சிவப்பு. இரண்டையும் தண்ணீரில் லேசாகக் கரைத்து, ஆளுக்கொரு பாட்டிலில் மெதுவாக ஊற்றினோம்.

கொஞ்ச நேரத்தில் சிவப்பு ஊற்றிய பாட்டிலின் அடியில் சிவப்பாகவே சொட்டியது. நீலம் ஊற்றியதில் சொட்டிய தண்ணீரில் நீலமே இல்லை. பாட்டிலைப் பக்கவாட்டில் பார்த்தால் மேலே இரண்டு விரல்கடை மண் மட்டும் நீலமாக இருந்தது. அதற்குக் கீழே மண் மண்ணாகவே இருந்தது.

“ரெண்டும் அதே மண்ணு, அதே தண்ணிதானே?” என்றாள்.

அதேதான். களிமண் என்பது ஏடு ஏடாக அடுக்கிய மிக மெல்லிய தகடுகள். அந்தத் தகடுகளின் மேல் எதிர்மின்சுமை இருக்கிறது. மெத்திலீன் நீலத்துக்கு நேர்மின்சுமை, அதனால் தகட்டில் ஒட்டிக்கொள்கிறது. இயோசினுக்கு எதிர்மின்சுமை. மண் அதைத் தள்ளிவிடுகிறது, அது தண்ணீரோடு போய்விடுகிறது.

அணுக்கழிவு பாறைக்குள் எப்படி நகரும் என்பதில் பாதிக் கதை இந்த இரண்டு பாட்டிலில் இருக்கிறது. “கசியுமா?” என்று கேட்டால் கழிவு ஏதோ ஒரே பொருள் என்று ஆகிவிடுகிறது. உலையில் எரிந்து முடிந்த எரிபொருளில் பெரும்பகுதி யுரேனியம்தான். அதற்குள் கொஞ்சம் புளூட்டோனியம், அப்புறம் யுரேனிய அணு பிளந்து பிறந்த பல டஜன் தனிமங்கள். சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 இரண்டுக்கும் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைந்து தீர ஆகும் காலம், ஏறக்குறைய 30 வருடம். புளூட்டோனியம்-239க்கு 24,100 வருடம். டெக்னீசியம்-99க்கு 2 லட்சத்துக்கும் மேல். அயோடின்-129க்கு சுமார் 1.6 கோடி வருடம். ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம், தனி நடை. எது நிற்கும், எது நடக்கும், நடப்பது வெளியே வரும் முன்னால் வீரியம் தீர்ந்துவிடுமா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

அரை ஆயுள் நீளமாக இருந்தால் பயங்கரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே எண்ணிக்கை அணுக்களை எடுத்துக்கொண்டால், நீண்ட ஆயுள் உள்ளது மெதுவாகத்தான் சிதைகிறது, நொடிக்கு நொடி வெளியிடும் கதிர்வீச்சும் குறைவு. சீசியம்-137 சுள்ளி மாதிரி, சீக்கிரம் எரிந்து தீரும், பக்கத்தில் நிற்க முடியாது. அயோடின்-129 உமி மூட்டம் மாதிரி. நெருக்கத்தில் சீசியம் ஆபத்து, நெடுங்காலத்தில் அயோடின் கவலை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பேச்சு அங்கேயே தடம் மாறிவிடும்.

பாறைக்குள் வைத்த கழிவு தானாக எங்கும் போகாது. அதைத் தூக்கிப் போகத் தண்ணீர் வேண்டும். அதனால் புதைப்பவர்களின் வேலை முழுக்க, தண்ணீரைத் தள்ளி வைப்பதும் தாமதப்படுத்துவதும்தான். நம் நாட்டில் எரிந்த எரிபொருளை மறுசுத்திகரிப்பு செய்து, அதாவது மறுபடி பயன்படும் யுரேனியம், புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்து, மிஞ்சும் வீரியமான கழிவைப் போரோசிலிகேட் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி வார்க்கிறார்கள். கண்ணாடியும் தண்ணீரில் கரையும், மிக மிக மெதுவாக. பின்லாந்தில், ஓல்கிலூட்டோ என்ற தீவில், 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்து ஓன்கலோ என்ற இடத்தைக் கட்டியிருக்கிறார்கள். அங்கே எரிபொருளை அப்படியே இரும்புக்குள் வைத்து, அதைச் சுற்றி 5 சென்டிமீட்டர் தடிமன் செம்புக் கலம், அதைச் சுற்றி பென்டோனைட் களிமண், அதற்கு அப்பால் பாறை.

பென்டோனைட் என்றதும் அண்ணன் மகளுக்கு அது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று தோன்றியது. அவளைக் கூட்டிக்கொண்டு அறுவடை முடிந்த வயலுக்குப் போனேன். மாசி வெயிலிலேயே வயல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. சித்திரை, வைகாசியில் வந்தால் வெடிப்புக்குள் முழங்கை வரை கை போகும். சின்ன வயதில் பம்பரம் விழுந்து, கோல் விட்டு எடுத்திருக்கிறோம். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் ஒன்றிரண்டு நாளில் அந்த வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும், இருந்த இடம் தெரியாது. களிமண் தண்ணீர் குடித்து உப்புகிறது. அப்படி உப்பும் கனிமத்துக்கு மான்ட்மோரிலோனைட் என்று பெயர். பென்டோனைட்டில் பெரும்பகுதி அதுதான், நம் டெல்டாக் களிமண்ணிலும் நிறைய இருக்கிறது. கலத்தைச் சுற்றி அழுத்தி அடுக்கிய பென்டோனைட் பாறையிலிருந்து கசியும் முதல் தண்ணீரைக் குடித்து உப்பி, எல்லா இடுக்கையும் அடைத்துவிடும். அதன் பிறகு அதற்குள் தண்ணீர் ஓட வழியே கிடையாது.

ஓட வழியில்லாவிட்டாலும் ஊர வழி உண்டு. அசையாத தண்ணீரில் ஒரு சொட்டு மையை விட்டால் அது தானாகப் பரவுமே, அதைத்தான் பாடப்புத்தகத்தில் விரவல் என்கிறோம். அழுத்திய களிமண்ணுக்குள் எதுவும் நகர வேண்டுமானால் இந்த ஒரே வழிதான். இதன் கணக்கு விசித்திரமானது. ஒரு விரல்கடை போக ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டால், பத்து விரல்கடை போகப் பத்து மாதம் போதாது, நூறு மாதம் ஆகும். தூரம் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்கு. களிமண் சுவரின் தடிமனை இரட்டிப்பாக்கினால் காத்திருப்பு நாலு மடங்காகிறது. கழிவு விஷயத்தில் எனக்கு நம்பிக்கை கொடுத்த முதல் கணக்கு இது.

இதற்குச் சாட்சியும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் மோன் தெரி என்ற இடத்தில் மலைக்குள் ஓர் ஆய்வுச் சுரங்கம் உண்டு, 1996 முதல் வேலை நடக்கிறது. அங்கே இருக்கும் களிப்பாறை சுமார் 17.5 கோடி வருடத்துக்கு முன்னால் கடலடியில் படிந்த சேறு. அதன் நுண்துளைகளில் இருக்கும் நீரில் இன்னமும் உப்புக் கரிக்கிறது. பாறையின் நடுவில் உப்பு அதிகம், மேலும் கீழும் நல்ல தண்ணீர் ஓடும் அடுக்குகளை நெருங்க நெருங்க உப்பு குறைகிறது. அந்தக் குறைவை விரவல் கணக்கோடு ஒப்பிட்டால் லட்சக்கணக்கான வருடங்களாக உப்பு மெல்ல மெல்ல ஊர்ந்து வெளியேறுவது தெரிகிறது. தண்ணீர் ஓடியிருந்தால் அந்த உப்பு எப்போதோ அலசிப் போயிருக்கும்.

உப்பு அலசிப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஆற்று முகத்துவாரம் வழியாக ஏறி, வேளாங்கண்ணிப் பக்கம் இருந்த எங்கள் வயலில் நின்றது. வடிந்த பிறகு மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்தது. அந்த வெள்ளையை மழை கழுவிவிடும் என்று அப்பாவுக்குத் தெரியும். கழுவாத பங்கு களிமண் தகடுகளில் ஒட்டிக்கொண்டிருந்த சோடியம். அது ஒட்டினால் மண் பிசுபிசுத்து, தண்ணீர் இறங்காமல், காய்ந்தால் ஓடு மாதிரி இறுகிவிடும். அப்பா ஜிப்சம் மூட்டை மூட்டையாக இறக்கினார். ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் தகட்டில் போய் உட்கார்ந்து சோடியத்தை எழுப்பிவிடும், எழுந்த சோடியம் மழையோடு வடிகாலுக்குப் போகும். 2005 ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். அடுத்த சம்பாவில் வயல் வயலாக ஆனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தகட்டில் ஒட்டியது என்றென்றைக்கும் ஒட்டியதல்ல. அதைவிட வலுவாக ஒட்டுவதோ, கூட்டமாக வருவதோ வந்தால் இடம் மாறும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபோர்டு என்ற இடத்தில் அணு ஆயுதத்துக்குப் புளூட்டோனியம் எடுத்த கழிவை 177 நிலத்தடித் தொட்டிகளில் வைத்தார்கள். சில தொட்டிகள் ஒழுகின. சீசியம் மண்ணில் ஒட்டி நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார்கள். சில இடங்களில் அது எதிர்பார்த்ததைவிட ஆழமாக இறங்கியிருந்தது. தொட்டியிலிருந்து ஒழுகிய கழிவில் சோடியம் உப்பு அவ்வளவு அடர்த்தியாக இருந்ததால் மண்ணில் சீசியத்துக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் ஜிப்சம் மூட்டைதான் ஞாபகம் வந்தது. பாறையைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே இருக்கும் நிலத்தடி நீரின் உப்பையும் அளக்க வேண்டும், வருங்காலத்தில் அது எப்படி மாறும் என்பதையும் பார்க்க வேண்டும். பாறை கெட்டியா என்று தட்டிப் பார்த்தால் போதாது.

சீசியம் விஷயத்தில் நெல் விவசாயிக்கு இன்னும் நெருக்கமான ஒரு சேதி உண்டு. சீசியமும் பொட்டாசியமும் ஒரே குடும்பம். மைக்கா வகைக் களிமண் ஏடுகளின் ஓரத்தில் பொட்டாசியம் உட்காரும் குழியில் சீசியம் கச்சிதமாகப் போய்ச் சிக்கிக்கொள்ளும், அதன்பின் எடுப்பது கஷ்டம். 2011 விபத்துக்குப் பிறகு ஃபுகுஷிமாவில் சீசியம் வயல்களின் மேல்மண்ணிலேயே நின்றதற்கு இதுதான் காரணம். சிக்காமல் மீந்த கொஞ்சத்தை நெற்பயிர் உறிஞ்சாமல் இருக்க என்ன செய்தார்கள் தெரியுமா? வயலுக்குப் பொட்டாஷ் போட்டார்கள். பொட்டாசியம் தாராளமாகக் கிடைத்தால் வேர் சீசியத்தை அவ்வளவாக எடுப்பதில்லை. 2012 முதல் அந்த மாகாணத்து அரிசி மூட்டை ஒவ்வொன்றையும், வருடத்துக்கு ஒரு கோடி மூட்டை அளவில், கருவியில் வைத்துச் சோதித்தார்கள். நடவு வயலில் பொட்டாஷ் வீசிய கை எனக்கும் உண்டு. அந்த விவசாயிகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

சரி, சிவப்புச் சாயத்துக்கு வருவோம். அயோடின் தண்ணீரில் எதிர்மின் அயனியாக, அதாவது இயோசின் மாதிரி எதிர்மின்சுமையோடு, இருக்கிறது. களிமண் அதைப் பிடிக்காது. வயலில் நைட்ரேட் நடந்துகொள்வதும் இப்படித்தான். அதனால்தான் ஒரே தடவையில் போட்ட யூரியாவில் ஒரு பங்கு நைட்ரேட்டாகி வடிகாலுக்குப் போகிறது. களிப்பாறையில் புதைப்பதற்கான பாதுகாப்புக் கணக்குகளில், பல பத்தாயிரம் வருடங்களுக்குப் பிறகு மேலே வந்து சேரும் கொஞ்சநஞ்சக் கதிர்வீச்சில் முதல் வரிசையில் நிற்பவை அயோடின்-129, குளோரின்-36 போன்ற இந்த நடையர்கள்தான். எல்லோரும் பயப்படும் புளூட்டோனியம் அந்த வரிசையில் பின்னால்தான் நிற்கிறது. அது தண்ணீரில் கரைவதே அரிது, கரைந்தாலும் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். நடையர்களைத் தடுக்கும் ஒரே வேலி, தண்ணீர் ஓடாமல் இருப்பதுதான். மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. ஒருவர் “ஒரு துளிகூட வெளியே வராது” என்கிறார், இன்னொருவர் “எல்லாம் ஆற்றில் கலந்துவிடும்” என்கிறார். கேட்கிற சனங்களுக்கு இரண்டுமே துரோகம்.

டெக்னீசியம் நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில். ஆக்சிஜன் இருக்கும் தண்ணீரில் அது எதிர்மின் அயனியாக ஓடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறு உருவுக்கு மாறிப் படிந்துவிடும். யுரேனியமும் அப்படியே, ஆக்சிஜன் இருந்தால் கரையும், இல்லாவிட்டால் நிற்கும். இதை விளக்க எங்கள் வீட்டு போர் தண்ணீர் ஒரு வாளி போதுமாக இருந்தது. அடித்ததும் பளிச்சென்று வரும். அரைமணி நேரம் வைத்தால் செம்மஞ்சளாகக் கலங்கி, அடியில் துரு படியும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் இரும்பு கரைந்திருந்தது, காற்றுப் பட்டதும் படிந்துவிட்டது. யுரேனியமும் டெக்னீசியமும் இதற்கு நேர் எதிர், ஆழத்தில் நிற்கும், காற்றுப் பட்டால் ஓடும். நடவு வயல் சேற்றில் கையை விட்டால் மேலே பழுப்பாக ஒரு மெல்லிய ஏடு, அதற்குக் கீழே கருஞ்சாம்பல் நிறம், ஒரு நாற்றம். அந்தக் கீழ்ப்பகுதியில் ஆக்சிஜன் இல்லை. 400, 500 மீட்டர் ஆழத்தைத் தேடிப் போவதற்கு அங்கே தண்ணீர் மெதுவாக நகர்கிறது என்பது மட்டும் காரணமல்ல, காற்றின் கை அங்கே எட்டாது என்பதும்தான்.

பாறை என்றால் முழுக் கல் என்று நினைக்கக் கூடாது. கிரானைட்டில் மயிரிழை வெடிப்புகள் உண்டு, தண்ணீர் அதில் ஓடும். ஆனால் வெடிப்பின் இரு பக்கமும் இருக்கும் பாறையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. வாய்க்காலில் ஓடும் தண்ணீர் கரையில் ஊறுவது போல, வெடிப்பில் வரும் கதிரியக்க அணுக்கள் பக்கத்துப் பாறைக்குள் ஊறி அங்கே தங்கும். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் கடைமடைக்குத் தண்ணீர் வரத் தாமதமாவது ஏன் என்று எங்கள் ஊர் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வழியெல்லாம் காய்ந்த கரை குடித்துவிடும்.

இந்த நம்பிக்கைக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஜூனில் வரும் புதுத்தண்ணீர் கலங்கலாக வருமே, அதில் மிதப்பது மிக நுண்ணிய களிமண் துகள். பிடித்து வைக்கும் களிமண்ணே நடக்கத் தொடங்கினால்? அமெரிக்காவின் நெவாடாவில் 1968-ல் நிலத்தடியில் ஓர் அணுகுண்டுச் சோதனை நடந்தது. சுமார் 30 வருடம் கழித்து, 1.3 கிலோமீட்டர் தள்ளியிருந்த கிணற்றில் அந்தச் சோதனையின் புளூட்டோனியம் கண்டுபிடிக்கப்பட்டது. அளவு மிகச் சொற்பம். ஆனால் கரையாத, எதிலும் ஒட்டிக்கொள்ளும் புளூட்டோனியம், கூழ்மம் எனப்படும் இப்படி மிதக்கும் நுண்துகள்களின் முதுகில் ஏறி அவ்வளவு தூரம் வந்திருந்தது. அழுத்திய பென்டோனைட்டின் துளைகள் மிகச் சிறியவை, இந்தத் துகள்கள் அதற்குள் நுழைய முடியாது. ஆனால் வெடிப்புள்ள பாறையில் அந்த வழி திறந்திருக்கிறது, கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

“இதெல்லாம் கணக்கு சித்தப்பா, லட்சம் வருஷத்தை யார் பார்த்தா?” என்றாள். நல்ல கேள்வி. பூமி பார்த்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் ஓக்லோ சுரங்கத்து யுரேனியத்தில், பிளந்து எரியும் வகையான யுரேனியம்-235 இருக்க வேண்டிய 0.720 சதவீதத்துக்குப் பதில் 0.717 சதவீதம் இருப்பதை 1972-ல் பிரான்சில் கண்டுபிடித்தார்கள். அந்தத் துளி வித்தியாசத்தைத் துரத்திப் போனதில், சுமார் 200 கோடி வருடத்துக்கு முன்னால் அங்கே இயற்கையாகவே அணுப்பிளவுத் தொடர் நடந்து, தண்ணீர் வந்தபோது எரிந்து, வற்றியபோது அணைந்து, லட்சக்கணக்கான வருடம் ஓடியது தெரிய வந்தது. கழிவை யாரும் செம்பில் அடைக்கவில்லை. அங்கே பிறந்த புளூட்டோனியம் ஏறக்குறைய பிறந்த இடத்திலேயே இருந்து சிதைந்திருக்கிறது. அயோடினும் வாயுக்களும் போய்விட்டன. சீசியமும் பெரும்பகுதி தங்கவில்லை, உலை கொதித்த காலத்துச் சூட்டில் வெளியேறிவிட்டது. அதனால் நல்ல செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. சூடு அதிகமானால் பிடிமானம் தளரும். பின்லாந்தில் பென்டோனைட்டின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்து, எரிபொருளைப் பல பத்தாண்டு ஆறவிட்டுப் புதைப்பது சும்மா இல்லை.

மனிதர் தேர்ந்த இடம் தப்பாகப் போனதும் உண்டு. ஜெர்மனியில் ஆஸ்ஸே என்ற பழைய உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 பீப்பாய் கழிவை இறக்கினார்கள். உப்பு எடுத்து எடுத்து ஓட்டையான சுரங்கம் அது. 1988 முதல் தினமும் ஏறக்குறைய 12,000 லிட்டர் உப்புநீர் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. வைத்ததையெல்லாம் திரும்ப எடுக்க வேண்டும் என்று 2013-ல் சட்டமே போட்டார்கள். உப்புப் பாறையைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 655 மீட்டர் ஆழத்து உப்புப் படுகையில் 1999 முதல் கழிவு வைக்கிறார்கள், அங்கே தண்ணீர் இப்படி வரவில்லை. ஏற்கெனவே தோண்டி விட்டுப்போன குழி இருக்கிறதே, மலிவாக முடிந்துவிடுமே என்று நினைத்ததுதான் ஆஸ்ஸேயில் நடந்த தப்பு.

நம் நாட்டில் இன்றுவரை ஆழ்நிலக் கிடங்கு எதுவும் இல்லை. 1980-களில் கோலார் தங்கச் சுரங்கத்தில், சுமார் 1000 மீட்டர் ஆழத்தில், சூடேற்றிகளை வைத்துப் பாறை எப்படித் தாங்குகிறது என்று பார்த்தார்கள். 2012-ல் கூடங்குளம் கழிவு கோலாருக்கு வரப்போகிறது என்று செய்தி பரவி அங்கே மக்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஊர்க்காரர்களுக்கு முதலில் தகவல் வர வேண்டும். துளையிட்டு எடுத்த பாறை, அளந்த தண்ணீர், அதன் வயது, உப்பு, வெடிப்புகள் எல்லாம் அவர்கள் மொழியில் அவர்கள் கையில் இருக்க வேண்டும். பின்லாந்தில் உள்ளூர் நகராட்சி வேண்டாம் என்றால் அந்த இடமே கிடையாது என்பது சட்டம்.

“நம்ம ஊர்ல புதைக்க முடியுமா?” என்று அண்ணி அடுப்படியிலிருந்து கேட்டார். முடியாது அண்ணி, என்றேன். காவிரி கொண்டுவந்து கொட்டிய மணலும் களியும் மாறி மாறி நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே போகிறது. மணல் அடுக்கெல்லாம் தண்ணீர், அந்தத் தண்ணீரை மேலிருந்து நாம் இறைத்துக்கொண்டே இருக்கிறோம், கிழக்கிலிருந்து கடல் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது. நடையர்களுக்கு இதைவிட நல்ல பாதை வேண்டாம். இங்கே யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் வடக்கே கல்பாக்கத்திலும் தெற்கே கூடங்குளத்திலும் எரிகிற உலைகளின் மின்சாரத்தில் நம் மோட்டாரும் ஓடுகிறது. அந்த உலைகளின் கழிவு எங்கோ யாருடைய பாறைக்குள்ளோ போகப்போகிறது என்னும்போது, அந்த யாரோ கேட்கப்போகும் கேள்வியை நாமும் சேர்ந்து கேட்க வேண்டாமா?

மறுநாள் அவள் கிளம்புவதற்கு முன்னால் நீலப் பாட்டிலை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். மேலே இரண்டு விரல்கடை நீலம், அதன் கீழ் விளிம்பு நேராக இல்லை. ஓர் ஓரத்தில், மண் சரியாக அமுங்காமல் பாட்டில் சுவரோடு ஒரு சின்ன இடைவெளி விட்டிருந்த இடத்தில், நீலம் நூல் மாதிரி நாலு விரல்கடை இறங்கியிருந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள். அலைபேசியில் அதை மட்டும் நெருக்கத்தில் மூன்று படம் எடுத்துக்கொண்டு, “பேச்சை இதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன் சித்தப்பா” என்றாள்.